ஊதாக் கதவு வைத்த பார்சல் வண்டி

விதி பதினான்கு, உட்பிரிவு ஆ: கண்காட்சியில் சங்கத்தின் தண்டவாளத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியும், குறித்த காலத்தில் குறித்த பாதையில் ஓடியது என்பதற்குப் படமாகவோ எழுத்தாகவோ ஆதாரம் இருக்க வேண்டும். ஆதாரம் ஏற்கப்படும்வரை அந்த வண்டிக்கு நிறம் பூசலாகாது.

இந்த விதியை எழுதியவன் நான்தான். பரமட்டாவில் ஓர் அரச அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பிறருடைய விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது. மற்றது நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் மாதிரி ரயில் சங்க மண்டபத்தின் தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று விரிந்துகொண்டிருந்தது. உள்ளே பெயின்ரும் தின்னரும் கலந்த வாசனை. என் மேசைக்கு முன்னால் உறுப்பினர் வசந்தா நின்றார். உள்ளங்கையில் ஒரு ரயில் பெட்டி. முக்கால் சாண் நீளம், நான்கு சக்கரம், இன்னும் நிறம் பூசாத சாம்பல் உடம்பு.

"சார், இதுக்கு எப்போ பெயின்ட் அடிக்கலாம்?"

"ஆதாரம் இருக்கோ?"

"நான் இருக்கேனே சார்."

"நீங்கள் படமும் இல்லை, எழுத்தும் இல்லை."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விதியைத்தான் சொன்னேன்.

குசினியிலிருந்து ஸ்கொட்லாந்துக்கு

ஒரு யாழ்ப்பாணத்தான் சிட்னியில் இருந்துகொண்டு ஸ்கொட்லாந்து ரயில்களுக்கு விதி எழுத நேர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வாரம் எங்கள் குசினி அலுமாரிகளுக்குப் பட்டியல் தயாரித்து ஒட்டினேன். எந்தத் தட்டில் எந்தப் போத்தல், எடுத்தவர் எங்கே திரும்ப வைக்க வேண்டும், தூள் முடிந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று எல்லாம் தெளிவாக இருந்தது. என் மனைவி பவளம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள்.

"இஞ்சாருங்கோ, நான் நாப்பது வருசமா விதி இல்லாமல்தான் சமைச்சனான். நீங்கள் வெளியில போய் ஆருக்காவது எழுதிக் குடுங்கோ."

நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு துண்டுக் கடதாசி இருப்பதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். மாதிரி ரயில் சங்கத்துக்குச் செயலாளர் தேவை, அனுபவம் வேண்டியதில்லை என்றிருந்தது. எனக்கு அனுபவம் இருந்தது. ரயில்தான் இல்லை.

சங்கத் தலைவர் அலிஸ்டர் ஓய்வு பெற்ற குழாய் வேலைக்காரர். கிளாஸ்கோவில் பிறந்து ஆறு வயதில் இங்கே வந்தவர். ஆறு வயதில் விட்டு வந்த நாட்டை அறுபது வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். அதனால் எங்கள் சங்கத்தின் பெரிய மேசையில் இருப்பது வட ஸ்கொட்லாந்தின் ஒற்றைத் தண்டவாளப் பாதை, எழுபதுகளின் கடைசி, டீசல் காலம். எல்லாம் எழுபத்தாறில் ஒரு பங்கு அளவு. ஒரு நிலையம், ஒரு சிக்னல் அறை, சதுப்பு நிலம், நாற்பத்தொரு ஆடுகள். ஆடுகளை எண்ணியவன் நான். சொத்துப் பதிவேட்டில் நாற்பத்து மூன்று என்று இருந்தது.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் தொடரை வாசிக்கும் ஒருவர், ஏன் நம்முடைய வடபகுதிக் கோச்சியை, அதாவது ரயிலை, செய்யக்கூடாது என்று கேட்டு எழுதியிருந்தார். நல்ல கேள்வி. நம்முடைய கோச்சியைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு. ஸ்கொட்லாந்துக் கோச்சியைப் பற்றி ஒன்றுமே இல்லை. விதி எழுதுகிறவனுக்கு அதுதான் முதல் தகுதி.

அந்தப் பாதையில் ஓடிய டீசல் எஞ்சின்களை வகுப்பு இருபத்தாறு, வகுப்பு முப்பத்தேழு என்று எண்ணால் அழைப்பார்கள். நான் ஒருநாள் தொலைபேசியில், "இருபத்தாறாம் வகுப்பு வந்துவிட்டதா, பெட்டியைத் திறந்தீர்களா" என்று பேசிக்கொண்டிருந்தேன். பவளம் எட்டிப் பார்த்தாள்.

"எத்தனை தரம் ஃபெயில் விட்டு அந்த வகுப்புக்குப் போனனியள்?"

இன்னொன்றும் அவளுக்கு விளங்கவே இல்லை. புது வண்டி வாங்கினால் நாங்கள் அதற்கு அழுக்குப் பூசுவோம். கூரையில் புகை, சக்கரத்தில் துரு, பக்கங்களில் மழைக் கோடு. உண்மையான ரயில் அப்படித்தானே இருக்கும்.

"வீட்டில தூசு தட்டச் சொன்னால் முதுகு நோகுது. அங்க போய் நுனித் தூரிகையால தூசு பூசுறார்" என்று கோயிலில் நாலு பேருக்கு முன்னால் சொன்னாள்.

நாய் இன்னும் பிறக்கவில்லை

விதி பதினான்கு சும்மா வரவில்லை. ஒரு நாயால் வந்தது.

கிளாஸ்கோப் பக்கத்துப் பணிமனை ஒன்று தன் எஞ்சின்களின் பக்கத்தில் சிறிய வெள்ளை நாய் ஒன்றைச் சின்னமாகப் போட்டது. இன்வர்நெஸ் பணிமனை கலைமானைப் போட்டது. அழகான வழக்கம். ஆனால் அது எண்பதுகளில் வந்தது. எங்கள் மேசையிலோ எழுபதுகளின் கடைசி. ஓர் உறுப்பினர் நாய் போட்ட எஞ்சினைக் கொண்டு வந்து ஓட விட்டார்.

அலிஸ்டர் மின்சாரத்தை நிறுத்தினார். "அந்த நாய் இன்னும் பிறக்கவில்லை" என்றார்.

மூன்று மாதம் சண்டை. இரண்டு பேர் விலகினார்கள். ஒருவர் தன் ஆடுகளையும் எடுத்துக்கொண்டு போனார். பதிவேட்டுக் கணக்கு அங்கேதான் குழம்பியது. நான் விதி பதினான்கை எழுதினேன். அதன்பின் மண்டபத்தில் அமைதி. விண்ணப்பதாரர் குழுக் கூட்டத்தில் கலந்துகொள்ளக்கூடாது, நிராகரித்த விண்ணப்பத்தை ஒரு வருடத்துக்கு மீண்டும் அனுப்பக்கூடாது என்பவையும் என் கைவண்ணமே. சண்டை மூள்வதற்கு ஆட்கள் நேரில் சந்திக்க வேண்டும். அதைத் தவிர்த்தேன்.

தொலைபேசியில் நிரப்பிய படிவம்

வசந்தா ஹோம்புஷில் இருப்பவர். அரக்கோணத்து ரயில்வே காலனியில் வளர்ந்தவர். தாதியாகப் படித்து, இளம் வயதிலேயே இன்வர்நெஸ் மருத்துவமனையில் வேலைக்குப் போய், பிறகு சிட்னிக்கு வந்து, இங்கேயும் நோயாளிகளைப் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் சங்கத்தில் அந்தப் பாதையில் உண்மையிலேயே பயணம் செய்த ஒரே ஆள். அலிஸ்டர்கூடப் போனதில்லை.

சங்க விதிப்படி படிவம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். வசந்தாவின் ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. ஆனாலும் அவர் தமிழில் சொல்லச் சொல்ல நானே நிரப்பிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. உதவி செய்யவேண்டும் என்ற எண்ணம்தான். மற்றவர்கள் படிவம் நிரப்பும் விதத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது என்பதும் ஒரு காரணம்.

"ஓம் வசந்தா, சொல்லுங்கோ. எந்த வண்டி?"

"பார்சல் வண்டி சார். பாசஞ்சர் ரயிலுக்குக் கடைசில மாட்டியிருப்பாங்க. வடக்க ஒரு சின்ன ஆஸ்பத்திரில ஆள் இல்லன்னு என்னை அனுப்பினாங்க. காலைல ரயில் ஏறினேன். குளிர்காலம் போயிடுச்சுன்னு எல்லாரும் சொன்ன வாரம் அது. பாதி வழியில பாருங்க, பனி. ரயில் நின்னுடுச்சு. எஞ்சினும் நின்னுடுச்சு. எஞ்சின் நின்னா ஹீட்டரும் போச்சு."

"பிறகு?"

"கார்டு வந்து எங்க பதினோரு பேரையும் அந்தப் பார்சல் வண்டிக்குள்ள ஏத்தினாரு. கண்ணாடி ஜன்னல் கிடையாது, தபால் மூட்டை நிறைய இருந்துச்சு, கொஞ்சம் கதகதன்னு இருக்கும்னு. உள்ள பார்த்தா அட்டைப் பெட்டி பெட்டியா கோழிக்குஞ்சு சார்! பொறந்து ஒரு நாள் ஆன குஞ்சுங்க. கீச்சு கீச்சுன்னு. பொடவை மேல ஓவர்கோட்டு போட்டுக்கிட்டு அதுங்க பக்கத்துல உக்காந்திருந்தேன். நாலு மணி நேரம். அப்புறம் பனி தள்ற எஞ்சின் வந்துச்சு."

பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது விதிக்குப் புறம்பானது.

"வீட்ல யாரும் நம்பல சார். என் பொண்ணு கவிதா கிரான்பர்ன்ல இருக்கா. நான் வாயத் தொறந்தாலே 'ஹியர் கம்ஸ் த சிக்கன் ஸ்டோரி'ம்பா. மாப்பிள்ளை ஒவ்வொரு தீபாவளிக்கும் கேக்கறாரு, இந்த வருஷம் எத்தனை பெட்டி குஞ்சுன்னு. அது எங்கயோ படத்துல பாத்தது மா, நீ போட்டுக் குழப்பிக்கிறன்னு கவிதா சொல்றா. அந்த வண்டில என்கூட இருந்த ஒரு ஆளோட பேர்கூட எனக்குத் தெரியாது. அந்த வண்டி ஓடுச்சுன்னு நீங்க ஒரு பேப்பர் குடுத்தா போதும். கண்காட்சிக்கு ரெண்டு பேரும் வர்றாங்க. அன்னைக்கு அது அங்க நிக்கணும்."

"வண்டியில விசேச அடையாளம் ஏதும்?"

"அரக்குக் கலர் வண்டி சார், பழசு. ஒரு கதவு மட்டும் மாத்தியிருந்தாங்க. அது ஊதா."

"ஊதா?"

"ஆமா சார், நல்ல ஊதா."

நான் ஆங்கிலத்தில் 'பர்ப்பிள்' என்று எழுதினேன். நடைமுறைப்படி முழுப் படிவத்தையும் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டினேன். "ஊதாக் கதவு எண்டு போட்டிருக்கிறன், சரியோ?" "கரெக்ட் சார், ஊதாதான்." விண்ணப்பதாரர் உறுதிப்படுத்தினார் என்று அடியில் குறித்தேன்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். மறுபாதிப் பேருக்கு ஏன் என்று விளங்கியிராது. நானும் அந்த மறுபாதியில்தான் இருந்தேன்.

மலையில் இருக்கும், வண்டியில் இருக்காது

ஸ்கொட்லாந்தில் பழைய ரயில் பதிவுகளைப் பாதுகாக்கும் தொண்டர் குழு ஒன்றுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இன்ன பாதை, இன்ன காலம், ஊதாக் கதவுடைய அரக்கு நிறப் பார்சல் வண்டி பற்றி ஏதும் உண்டா? இரண்டே நாளில் மறுமொழி வந்தது. அந்நாட்டு ரயில்களில் அந்த நிறக் கதவு எக்காலத்திலும் இருந்ததில்லை என்று மிகுந்த மரியாதையுடன் எழுதியிருந்தார்கள். பிழையான கேள்விக்கு விடை எவ்வளவு விரைவாக வருகிறது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

குழு கூடியது. அலிஸ்டர் படிவத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்கொட்லாந்தில் ஊதா நிறம் உண்டு. கோடை முடிவில் மலை முழுக்க ஹெதர் பூ. அது மலையில் இருக்கும், வண்டியில் இருக்காது." எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. நான் 'ஆதாரமில்லை, நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

வசந்தாவிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. நான் வாதத்துக்குத் தயாராக மூன்று உட்பிரிவுகளைக் குறித்து வைத்திருந்தேன்.

"சரி சார். நீங்க எல்லாரும் சேந்து சொன்னா அப்படித்தான் இருக்கும். வயசாகுதில்ல. கவிதா சொன்னதுதான் சரி போல."

அந்தச் சாம்பல் வண்டியை ஒரு இனிப்புப் பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்க வைத்து மூடினார்.

முப்பத்தொரு வருடத்தில் என்னோடு கத்தியவர்கள் உண்டு, மேலதிகாரியைக் கேட்டவர்கள் உண்டு. நான் நிராகரித்ததைக் கேட்டுத் தன் வாழ்க்கையில் நடந்ததையே சந்தேகப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

ஹோம்புஷில் ஒரு தோசை

வீட்டில் சொன்னேன். பவளம் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"அந்தப் பிள்ளை ஸ்கொட்லாந்தில இருந்தது. நீங்கள் இருந்தனியளோ? இல்லை. அலிஸ்டர்? ஆறு வயசு. பிறகென்ன விதி?" பவளத்துக்கு அறுபதைத் தாண்டியவர்களும் பிள்ளைதான். "நாளைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு வாங்கிக் குடுக்கிறம்."

ஹோம்புஷ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாணவர் கூட்டம் வழியும் ஒரு சாப்பாட்டுக் கடை. மூன்று பேரும் சுவரோரக் கதிரைகளில் நெருக்கி உட்கார்ந்தோம். தோசை வந்தது, சாம்பார் வரவில்லை. பரிமாறும் இளைஞர்கள் நாலைந்து பேர் ஓடித் திரிந்தார்கள். வசந்தா கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"சார், உங்க பின்னாடி அந்த ஊதா சட்டைத் தம்பி நிக்கிறார் பாருங்க, அவர்கிட்ட சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தேன். கறுப்புச் சட்டை ஒருவர். வெள்ளைச் சட்டை ஒருவர். மூன்றாமவர் போட்டிருந்தது நல்ல நீலம்.

"எந்த ஊதா?"

"அதோ சார், அவர்தான்."

"அது நீலமெல்லோ?"

"ஆமா, ஊதா. நீலம்னும் சொல்லலாம். ஊதா இங்க் கலர்."

பவளம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"வசந்தா," என்றேன், மிக மெதுவாக, "இந்தக் கத்தரிக்காய் இருக்கெல்லோ. அதின்ரை தோல், அந்த நிறத்துக்கு நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"கத்திரிப்பூ கலர். ஏன் சார்?"

எங்கள் பக்கத்தில் அதுதான் ஊதா. பள்ளிக்கூடத்தில் மெழுகுப் பென்சில் பெட்டியில் கற்ற நாளிலிருந்து அதுதான் ஊதா. கடலுக்கு அப்பால் நாற்பது கல் தூரத்தில் அதே சொல்லை வேறொரு பென்சிலுக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் அறிவிக்கவில்லை.

இனி அடுத்த பகிடியைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் ரயில்வே பூசிய நிறமே நீலம். எஞ்சின் நீலம், பெட்டி நீலம், பாதி நாடே நீலம். பழைய அரக்கு வண்டியின் உடைந்த கதவுக்குப் பதிலாக நீலக் கதவு மாட்டினார்கள் என்றால் அதில் வியக்க ஒன்றுமில்லை. வசந்தா சொன்னது சங்கத்திலேயே மிக நம்பத்தகுந்த விவரம். அதை ஒரே சொல்லில் நம்ப முடியாததாக ஆக்கியவன், திருப்பி வாசித்து உறுதிப்படுத்திக்கொண்ட செயலாளர்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வசந்தா தோசையில் ஒரு துண்டைப் பிய்த்தார்.

"அப்போ நான் தப்பா ஞாபகம் வச்சுக்கல."

"இல்லை. பிழை படிவத்தில."

"படிவத்திலயா சார்?"

பவளம் குறுக்கிட்டாள். "படிவம் தன்ரை பாட்டில எழுதுறேல்லை. சொல்லுங்கோ."

"என்னில பிழை" என்றேன். சாம்பாரும் வந்தது.

திருத்தும் வழி

ஒரு வருடத்துக்கு மீள் விண்ணப்பம் கூடாது. கண்காட்சிக்கு இன்னும் ஆறு வாரம். விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். நல்லவேளை, எழுதியவன் கெட்டிக்காரன். இருபத்திரண்டாம் விதி: எழுத்துப் பிழை செயலாளருடையதாக இருந்து, அவர் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டால், விண்ணப்பம் தொடக்கத்திலிருந்து பரிசீலிக்கப்படும். இப்படி ஒன்று ஒருபோதும் தேவைப்படாது என்ற நம்பிக்கையில் எழுதிய விதி. பவளம் பக்கத்தில் நிற்கக் கையெழுத்திட்டேன்.

அலிஸ்டர் வாசித்தார். "நீலமா? முதலே சொல்லியிருக்கலாமே!"

"அவர் முதலே சொல்லிவிட்டார்" என்றேன்.

குழு ஒரு சமரசம் செய்தது. வசந்தா நிறம் பூசலாம். ஓட விடுவதற்கு மட்டும் ஆதாரம் வர வேண்டும். ஸ்கொட்லாந்துக்கு இரண்டாம் மின்னஞ்சல் போனது. நீலக் கதவு. பனியில் நின்ற காலை வண்டி. பதினோரு பயணிகள். கோழிக்குஞ்சுகள். ஓர் இந்தியத் தாதி.

இம்முறை சத்தமில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். நினைவூட்டல் அனுப்பினேன். தொண்டர்கள் வாரத்தில் ஒரு நாள்தான் கூடுவார்கள், காத்திருக்கவும் என்று தானியங்கி மறுமொழி மட்டும் வந்தது. இத்தகைய மறுமொழிகளை வாழ்நாள் முழுவதும் அனுப்பியவன் நான். பெறுவது எப்படியிருக்கும் என்று அந்த வாரங்களில் படித்தேன்.

ஓடாத வண்டி

கண்காட்சிக்கு முதல்நாள் காலை வசந்தா இனிப்புப் பெட்டியைத் திறந்தார். அரக்கு வண்டி, மழைக் கோடும் துருவும் சரியான இடங்களில். பக்கத்தில் ஒரு கதவு மட்டும் நீலம். உள்ளே அரிசியளவு அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் நூலை நறுக்கி ஒட்டிய குஞ்சுகள். அலிஸ்டர் பூதக் கண்ணாடியால் நீண்ட நேரம் பார்த்தார்.

"அருமையான வேலை. ஆனால் ஆதாரம் வரவில்லை. மன்னிக்க வேண்டும். விதி உன்னுடையது" என்றார் என்னைப் பார்த்து.

வசந்தா மூடியைத் தேடினார். நான் விதியைத் தேடினேன். பதினான்கு, ஆ. தண்டவாளத்தில் ஓடும் ஒவ்வொரு வண்டியும்.

"ஓடும் வண்டி" என்றேன்.

"அதற்கென்ன?"

"ஓடாவிட்டால்?"

அலிஸ்டர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு வசந்தாவைப் பார்த்தார். அந்த ரயில் அன்று ஓடவே இல்லையே. நின்றதுதானே கதை.

பவளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "இரண்டு கிலோ அரிசிமா கொண்டு வாரும். பனி செய்ய வேணும்."

"வறுத்ததோ, வறுக்காததோ?"

"என்ன வித்தியாசம்?"

"வறுத்த மா மங்கல் நிறமப்பா. உங்கட ஸ்கொட்லாந்தில பனி மங்கலோ?"

வறுக்காத மா வந்தது. மண்டபத்துக்கு எலி வரும் என்று அலிஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே சல்லடையைப் பிடித்தார். பின்பக்கத் தண்டவாளத்தில் நீல நிற இருபத்தாறாம் வகுப்பு எஞ்சின், மூக்கு வரை மாவில் புதைந்து நின்றது. பின்னால் இரண்டு பயணிகள் பெட்டி. கடைசியில் அந்த வண்டி. பக்கத்தில் நான் எழுதிய அட்டை: வசந்தா அவர்களின் நினைவின்படி. ஆதாரம் எதிர்பார்க்கப்படுகிறது.

இரண்டு நாளும் முன்பக்கத்தில் ஓடிய ரயில்களை விட்டுவிட்டுச் சனம் ஓடாத ரயிலுக்கு முன்னால் நின்றது. ஏன் நிற்கிறது என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். வசந்தா ஒவ்வொருவருக்கும் சொன்னார். நான் கிட்ட நின்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் பதினோரு பேர், நாலு மணி நேரம். எண் எதுவும் மாறவில்லை. நான் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மதியம் மெல்பேர்னின் கிரான்பர்னிலிருந்து கவிதாவும் கணவரும் வந்தார்கள். கவிதா குனிந்து நீலக் கதவைப் பார்த்தாள், குஞ்சுகளைப் பார்த்தாள், படம் எடுத்தாள், அழகாயிருக்கு என்றாள். பிறகு அட்டையை வாசித்தாள்.

"ஸோ, இட்ஸ் ஸ்டில் நாட் ப்ரூவ்ட், மா?"

குத்தலாகச் சொல்லவில்லை. வாசித்ததைச் சொன்னாள். அந்த அட்டையை எழுதியவன் நான்.

"சார் லெட்டர் போட்டிருக்காரு" என்றார் வசந்தா, கதவோரம் படிந்த மாவை விரல் நுனியால் தட்டிவிட்டபடி.

கார்டின் அறிக்கை

கண்காட்சி முடிந்து, மாவைக் கூட்டி அள்ளி, எலிப்பொறி வைத்து, மூன்றாம் வாரமும் முடியப்போனது. ஒரு காலை தேத்தண்ணீரோடு கணினியைத் திறந்தேன். வந்திருந்தது.

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். வண்டியின் படம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பெட்டி ஒன்றின் அடியில் அன்றைய ரயிலின் கார்டு எழுதிக் கொடுத்த தாமத அறிக்கை இருந்தது. கையெழுத்துப் பிரதியை ஒளிப்படமாக இணைத்திருந்தார்கள். ஒரு பக்கம். எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துப்போயிற்று.

ஒருமுறை வாசித்தேன். வசந்தாவை அழைத்தேன்.

"வந்திட்டுது."

"இருங்க சார், கவிதாவையும் லைன்ல சேக்குறேன்." கொஞ்ச நேரம் ஒலி மாறியது. "ம், இப்போ படிங்க. இங்கிலீஷ்லயே படிங்க சார். நீங்க மொழிபெயர்க்க வேணாம்."

வாசித்தேன். எஞ்சின் பழுதான நேரம். பயணிகள் பதினோரு பேரும் பார்சல் வண்டிக்கு மாற்றப்பட்டது. கோழிக்குஞ்சுப் பெட்டிகள், சேதமில்லை. பிறகு, குறைபாடுகள் என்ற கட்டம். வண்டியின் மாற்றுக் கதவு, நீலம், சரியாகப் பொருந்தவில்லை. தாழ் விழவில்லை. காற்றில் திறந்து திறந்து பனி உள்ளே வந்தது. பயணிகளில் ஓர் இந்தியத் தாதி தன் முதுகைக் கதவில் கொடுத்து, காலைத் தரையில் ஊன்றி, மீட்பு எஞ்சின் வரும்வரை அதை மூடிப் பிடித்திருந்தார். இடம் மாற மறுத்துவிட்டார். அவருக்கு நன்றி தெரிவிக்கப்பட வேண்டும். கதவு பழுதுபார்க்கப்பட வேண்டும்.

அடியில் இருந்த கையொப்பத்தையும் வாசித்தேன்.

"மா," என்றாள் கவிதா. "யூ நெவர் டோல்ட் மீ திஸ். ஏன்மா சொல்லல?"

"கோழிக்குஞ்சையே நீங்க நம்பல" என்றார் வசந்தா. "இத எப்படிடி சொல்றது?"

அதன்பின் தாயும் மகளும் பேசிக்கொண்டார்கள். நான் இணைப்பிலிருந்து விலகினேன். அதற்கு எந்த விதியும் தேவைப்படவில்லை.

கோப்பை எடுத்தேன். ஆதாரம் ஏற்கப்பட்டது என்று எழுதினேன். வண்டி ஓடலாம். பதில் கிடைத்த நாள் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. கொஞ்சம் யோசித்து, இரண்டு நாட்டு நாளையும் எழுதி நிரப்பினேன்: கண்காட்சி முடிந்து பத்தொன்பதாம் நாள், ஸ்கொட்லாந்தில் வியாழன் மாலை, சிட்னியில் வெள்ளி காலை.